எல்லாரும் என்றால் யார்?



எண்ணூர்ப் பகுதியில் அண்மையில் ஒரு தெருமுனைக் கூட்டம். தோழர்கள் கொடி கட்டினர், விளக்குக் கட்டினர், ஒலிபெருக்கி கட்டினர். வழக்கம்போல் நான் பேசினேன். புயலைப் பற்றிப் பேசினேன். வெள்ளத்தைப் பற்றிப் பேசினேன். கொதிக்கும் பூமியைப் பற்றிப் பேசினேன். முடிக்கும்போது, கைதட்டலுக்கு ஏற்ற வகையிலே குரலை உயர்த்தி, "இந்தக் கேட்டுக்கு நாம் எல்லாரும் பொறுப்பு!" என்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது. துண்டும் கிடைத்தது. மேடையை விட்டு இறங்கியதும் ஒரு கேள்வியும் கிடைத்தது.

கேட்டவர் ஒரு மூதாட்டி. தலையிலே கூடை சுமந்து, மீன் விற்று, பிள்ளைகளை ஆளாக்கியவர்.

"ஏம்ப்பா, எல்லாரும் பொறுப்புன்னு சொல்லிட்டு எறங்கிட்டே. அந்த எல்லாருல நானும் உண்டா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். சொல் வரவில்லை. அவர் விடவில்லை.

"எங்க ஊட்டுல ஒரு ஃபேனு, ரெண்டு பல்பு. ஆத்துல எறா இல்லே. நான் இன்னா பண்ணேன்னு சொல்லிட்டுப் போப்பா."

எத்தனையோ மேடைகளில் எதிர்க்கட்சியினரின் கேள்விகளுக்கு எழுந்த வேகத்தில் விடை சொன்னவன் நான். அன்று அந்த மூதாட்டியின் முன்னே ஊமையாக நின்றேன். அவருக்கு அன்றிரவு சொல்லியிருக்க வேண்டிய விடையைத்தான் இந்த ஞாயிறன்று உங்கள் முன்னே வைக்கிறேன்.

எல்லாரும் பொறுப்பு! கேட்பதற்கு எவ்வளவு இனிய சொல்! அடக்கமான சொல், அனைவரையும் அணைத்துக்கொள்ளும் சொல்! ஆனால், தோழர்களே, திருடு போன வீட்டிலே நின்றுகொண்டு, "இந்தத் திருட்டுக்குத் தெருவே பொறுப்பு" என்று ஒருவன் சொன்னால், அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? ஒன்று, அவன் அறிவிலி. அல்லது, திருடனுக்கு உறவினன். எல்லாரும் பொறுப்பு என்று தீர்ப்பு வந்துவிட்டால், எவனும் சிறைக்குப் போக வேண்டியதில்லை அல்லவா?

இந்தச் சொல்லைக் குப்பத்து மக்கள் கண்டுபிடிக்கவில்லை. 2000களின் நடுவிலே 'பிரிட்டிஷ் பெட்ரோலியம்' என்னும் எண்ணெய் நிறுவனம் பெரும் பொருட்செலவில் விளம்பரம் செய்தது. என்ன விளம்பரம்? எண்ணெய் வாங்குங்கள் என்றா? அல்ல. "உன் கரியமிலத் தடம் எவ்வளவு? நீயே கணக்குப் பார்!" என்று உலகத்து மக்களைப் பார்த்துக் கேட்கும் விளம்பரம்! பூமிக்கடியிலிருந்து எண்ணெயை இறைத்தவன், எரிக்கக் கொடுத்தவன், இலாபத்தை எண்ணியவன், கடைசியிலே கணக்குப் புத்தகத்தை மட்டும் நம் கையிலே கொடுத்தான். எய்தவன் இருக்க அம்பை நோவது பழைய கதை. எய்தவனே அம்பைப் பார்த்து, "நீ ஏன் பாய்ந்தாய்?" என்று கேட்பது இந்த நூற்றாண்டின் புதுக்கதை.

"அறியாமல் நடந்துவிட்டது" என்பார்கள். அறியாமலா? 1896ஆம் ஆண்டிலேயே ஸ்வாந்தே அரேனியஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர், காற்றிலே கரியமில வாயு பெருகினால் பூமி சூடேறும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1977இல் எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் அறிவியலாளர் ஒருவரே, தம் மேலதிகாரிகளிடம் அந்த ஆபத்தை எடுத்துரைத்தார். 1988இல் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட்டின் குழு முன்னே அமர்ந்து, சூடேறுதல் தொடங்கிவிட்டது என்று சான்று கூறினார். 1992இல் ரியோ நகரிலே உலக நாடுகள் உடன்படிக்கை கண்டன. 1997இல் கியோட்டோ. அதை அமெரிக்கா கடைசிவரை ஏற்கவே இல்லை. 2015இல் பாரிஸ். அங்கே போட்ட கையெழுத்தினின்றும் அமெரிக்கா ஒருமுறை விலகியது; திரும்பி வந்தது; 2025இல் மீண்டும் விலகுவதாக அறிவித்தது. தொழிற்புரட்சிக்கு முன்னர்ப் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டி நிற்கிறது. மாநாடு கூடியது, கலைந்தது, கூடியது, கலைந்தது. புகை மட்டும் கலையவில்லை.

ஆகவே முதற் குற்றவாளி யார் என்பதிலே ஐயமில்லை. இதுவரை உலகம் கக்கிய கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றே கக்கியது. அந்தக் கணக்கிலே நம் மூதாட்டியின் ஒரு விசிறியையும் இரண்டு விளக்கையும் சேர்ப்பவன், மனிதனாக இருக்க முடியாது.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். வெள்ளையனைத் திட்டினால் எந்த மேடையிலும் கைதட்டல் உண்டு. ஆனால் அந்த மூதாட்டி எழுந்து கேட்பார்: "அமெரிக்காக்காரனா வந்து எங்க ஆத்துல சாம்பலைக் கொட்னான்?"

தோழர்களே, இங்கேதான் நாம் நேர்மையாக இருக்க வேண்டும்.

எண்ணூரை நேரிற் காணாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம் எண்ணூர்க் கழிமுகம். வடக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே திருவொற்றியூர், இராயபுரம். ஊடே பக்கிங்காம் கால்வாய். ஒரு காலத்தில் அலையாத்திச் செடியும் உப்பளமும் இறாலும் நண்டும் நிறைந்த நீர்ப்பரப்பு. மழைக்காலத்திலே வட சென்னையின் வெள்ளம் வடிந்து கடலுக்குச் செல்லும் வாய் அது.

அந்த வாயின் ஓரத்திலே எழுந்தவை அனல் மின் நிலையங்கள். 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் வந்தது, 2017இல் மூடப்பட்டது. 1994இலிருந்து வட சென்னை அனல் மின் நிலையம்; முதல் கட்டம், பிறகு இரண்டாம் கட்டம். 2012இலிருந்து வல்லூர். 2024இல் வட சென்னையின் மூன்றாம் கட்டம், 800 மெகாவாட். இன்று நிற்கும் நிலையங்களின் திறன் மட்டும் 4000 மெகாவாட்டுக்கு மேல். நிலக்கரி இறக்குவதற்கென்றே 2001இல் ஒரு துறைமுகம் திறந்தனர். ஏழைப் பங்காளர் காமராசரின் பெயரை 2014இல் அதற்குச் சூட்டினர்.

கரி எரிந்தால் புகை மேலே போகும். சாம்பல் கீழே தங்கும். புகை வானத்தைச் சூடாக்குகிறது, கடலைச் சூடாக்குகிறது, சூடேறிய வங்கக் கடல் புயலுக்கு வலு சேர்க்கிறது, மழை முன்னிலும் கடுமையாகக் கொட்டுகிறது. சாம்பல் என்ன செய்கிறது? குழாய் உடைந்து கசிந்து, ஆற்றிலே படிந்து, கழிமுகத்தைத் தூர்க்கிறது. வெள்ளத்தை வளர்ப்பதும் அதே நிலக்கரி. வெள்ளம் வடியும் வாயை அடைப்பதும் அதே நிலக்கரி! உலகத்தில் வேறெங்கும் விளங்காத உண்மை எண்ணூரிலே கண்ணுக்கு நேராக விளங்குகிறது. கரியமில வாயுவுக்கு அமெரிக்காவை நோக்கிக் கை நீட்டலாம். சாம்பலுக்கு எந்த நாட்டை நோக்கி நீட்டுவது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மழை கொட்டியது. மணலியிலே மத்திய அரசுத் துறை நிறுவனமான சென்னை பெட்ரோலிய ஆலையின் எண்ணெய், வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கழிமுகத்திலே பரவியது. படகிலே எண்ணெய், வலையிலே எண்ணெய், வீட்டுச் சுவரிலே எண்ணெய். ஆலையின் மழைநீர் வடிகால் மேலாண்மையிலே குறை இருந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கூறியது. அந்த எண்ணெயை அள்ளியவர் யார்? மீனவர்கள், கையிலே வாளியோடு! 2017 சனவரியில் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் அதே வாளிதான். ஆறாண்டுகள் கழிந்தும் நாம் கண்ட முன்னேற்றம், வாளியின் நிறம் மாறியதுதான்.

அந்த எண்ணெய் காயுமுன்னரே, டிசம்பர் 26ஆம் நாள் இரவு, கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்களும் சின்னக்குப்பத்து மக்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளிலே ஓடினர். ஒரே மாதம், ஒரே கரை. ஒன்று மத்திய அரசின் நிறுவனம்; ஒன்று தனியாரின் நிறுவனம். சாம்பலோ மாநில மின் வாரியத்தின் சாம்பல். வல்லூர் நிலையத்திலே மத்திய அரசும் பங்காளி, மாநில அரசும் பங்காளி. கேட்டால், டெல்லி கோட்டையைக் காட்டும். கோட்டை டெல்லியைக் காட்டும். ஆலை மழையைக் காட்டும். பழி போடுவதற்கு மட்டும் இந்த நாட்டிலே மாநில சுயாட்சி முழுமையாக இருக்கிறது!

மழையைக் காட்டுவது புதிய தந்திரமா? அன்று. 1870களின் நடுவிலே வெள்ளைக்காரன் சென்னைத் துறைமுகம் கட்டக் கடலுக்குள்ளே கல்சுவர் நீட்டினான். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் குவிந்தது, மெரினா அகன்றது. வடக்கே மணல் வரவில்லை. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை கரைந்தது. வீடு போனது, தெரு போனது. "கடல் கொண்டது" என்றனர். கடலா கொண்டது? கல்சுவர் கொண்டது! தெற்கே காற்று வாங்கப் போகிறவருக்குக் கிடைத்த மணல், வடக்கே வலை உலர்த்துகிறவனிடமிருந்து பறித்த மணல். அந்த அநீதிக்கும் அன்று ஒரு கையெழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்தை மறைக்கக் கடலைக் குற்றவாளி ஆக்கினர். இன்று மழையை ஆக்குகின்றனர்.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு சொல்தான், தோழர்களே: கையெழுத்து. பொறுப்பு காற்றிலே மிதப்பதில்லை, காகிதத்திலே இருக்கிறது. எவன் தடுக்கக்கூடிய இடத்திலே இருந்து தடுக்கவில்லையோ, எவன் தவணை கேட்டபோது தவணை கொடுத்தானோ, எவன் மாற்ற வேண்டியதை மாற்றாமல் மறைக்கக் கூடாததை மறைத்தானோ, அவனே பொறுப்பு.

தவணையின் கதையைக் கேளுங்கள். 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆணையிட்டது: அனல் மின் நிலையங்கள் இரண்டே ஆண்டுகளில் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று. 2017 வந்தது, நடக்கவில்லை. பெருநகரங்களை அடுத்த நிலையங்களுக்கு 2022 என்றனர். பிறகு 2024 என்றனர். பிறகு 2027 என்றனர். 2025 சூலையிலே, நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தப் புகை வடிக்கும் கருவியே கட்டாயமில்லை என்று விலக்கும் அளித்தனர். ஏழை வாங்கிய கடனுக்கு ஒரு மாதத் தவணை தவறினால் வீட்டு வாசலிலே ஆள் வந்து நிற்கிறான். புகைபோக்கிக்கு மட்டும் பத்தாண்டுத் தவணை! கந்தகப் புகை வேறு, பூமியைச் சூடாக்கும் வாயு வேறு என்பதை அறிவேன். குழந்தையை இரும வைக்கும் புகைக்கே தவணை சொல்கிறவர்கள், கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்கா கணக்குச் சொல்லப் போகிறார்கள்?

அந்த வாயுவுக்கும் தவணை சொல்லியாகிவிட்டது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டின் கடைசி நேரத்திலே, நிலக்கரியைப் படிப்படியாக 'ஒழிப்பது' என்ற சொல்லைப் படிப்படியாகக் 'குறைப்பது' என்று மாற்ற வைத்தது இந்தியா. எண்ணெயையும் எரிவாயுவையும் தொடாமல் நிலக்கரியை மட்டும் குறிப்பது செல்வ நாடுகளின் சூழ்ச்சி என்ற வாதத்திலே நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கரியமில வாயுவின் நிகரக் கணக்கைச் சுழியமாக்க டெல்லி குறித்த ஆண்டு 2070. அன்று அந்த மூதாட்டி இருக்க மாட்டார். கையெழுத்திட்டவரும் இருக்க மாட்டார். இருவரும் இல்லாத நாளிலே வாக்குறுதி நிறைவேறுமாம்!

மறைத்த கதை இன்னும் விந்தை. 1996இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை வரைபடத்திலே எண்ணூர்க் கழிமுகம் காக்கப்பட வேண்டிய நீர்ப்பரப்பாக இருந்தது. பிறகு அதிகாரிகளின் கையிலே புழங்கிய வேறொரு வரைபடத்திலே அது இல்லை! சற்றொப்ப 6500 ஏக்கர்! தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற காகிதங்களைக் கொண்டு சமூக ஆர்வலர்கள் 2017இல் இதை ஊரறியச் செய்தனர். ஆற்றிலே இருந்த நீர் காகிதத்திலே வற்றிவிட்டது. வரைபடம் வரையத் தெரியாத மீனவனா அதை அழித்தான்?

இனி, எல்லாருக்கும் பிடித்த கடைசிக் கேடயம்: "மக்கள் கேட்கவில்லை, கேட்டால்தானே அரசு செய்யும்?" மக்கள் கேட்கவில்லையா? காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 சனவரியில் அறிவித்தனர், எதிர்ப்பு எழுந்தது, தள்ளிவைத்தனர். 2023 செப்டம்பரில் மீண்டும் அறிவித்தனர், மீண்டும் எதிர்ப்பு, மீண்டும் தள்ளிவைத்தனர். அம்மோனியாவுக்கு எதிராக மாதக்கணக்கிலே பந்தலிலே அமர்ந்தனர். சாம்பல் வழக்கைப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு சென்றனர். 2022இல் மின் வாரியத்தின் பொறுப்பைத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. இவ்வளவுக்கும் திட்டத்தின் முழு அறிக்கை ஆங்கிலத்திலே. தமிழிலே கிடைப்பது சுருக்கம் மட்டும். பாதிக்கப்படுகிறவனுக்குச் சுருக்கம்; பயன் பெறுகிறவனுக்கு முழு அறிக்கை! மொழிக்காக உயிர் கொடுத்தவர்கள் பிறந்த மண்ணிலே, தன் ஆற்றின் மரண அறிக்கையைத் தன் மொழியிலே படிக்க முடியாமல் நிற்கிறான் தமிழன். மக்கள் கேட்டார்கள், தோழர்களே. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அந்தக் கேட்க வேண்டியவர்களின் வரிசையிலே நாமும் நிற்கிறோம். இதைச் சொல்லாமல் நான் எழுதுகோலை வைத்தால், மேடையிலே செய்த பிழையை ஏட்டிலும் செய்தவன் ஆவேன்.

கோட்டையிலே கொடி மாறியது. கொசஸ்தலையாற்றிலே சாம்பல் மாறவில்லை. நம் கொடி பறந்த நாளிலும் புதிய அலகு வந்தது. அவர்கள் கொடி பறந்த நாளிலும் புதிய அலகு வந்தது. 1970இல் மின் நிலையத்தை வரவேற்றது குற்றமன்று. இருண்ட குடிசைக்கு விளக்கும், வேலையற்ற கைக்குத் தொழிலும் வேண்டுமென்று கேட்டவர்கள் நாம், கேட்டது சரி. ஆனால் 1988க்குப் பிறகு, 1992க்குப் பிறகு, 2015க்குப் பிறகும் அதே ஊரின் தலையிலே அதே கரியைக் கொட்டியது எப்படிச் சரியாகும்? 2022இல் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் கண்டனர், முதலமைச்சர் தலைமையிலே ஆட்சிமன்றக் குழு அமைத்தனர், போற்றினோம். 2024இல் மூன்றாம் கட்டத்தைத் தொடங்கினர், அதையும் போற்றினோம்! ஒரே வாயால் மருந்தையும் வாழ்த்தினோம், நோயையும் வாழ்த்தினோம். "அப்படியானால் மின்சாரம் வேண்டாமா?" என்று கேட்கும் தோழருக்கு ஒரு சொல்: முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றைப் பிடித்து விளக்கேற்ற இந்தியாவுக்கே வழி காட்டியது தமிழ்நாடு. பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நட்ட மாநிலத்துக்கு, வழி தெரியவில்லை என்று சொல்லும் உரிமை இல்லை.

நானோ, இந்தக் கரையிலே எத்தனையோ கூட்டங்களில் பேசியவன். ஓர் ஆணையின் எண்ணை மேடையிலே படித்ததில்லை. ஒரு தவணையின் நாளைச் சொன்னதில்லை. பெயர் சொன்னால் பகை வரும். நம் பக்கத்துப் பெயரும் வரும். 'எல்லாரும்' என்று சொன்னால் எவருக்கும் நோகாது. அதனாலன்றோ சொன்னேன்! அது அடக்கமன்று, தோழர்களே, அச்சம்.

என்ன செய்வது? கிளைக்கழகக் கூட்டத்திலே தொடங்குவோம். எண்ணூரிலோ மணலியிலோ திருவொற்றியூரிலோ ஓர் ஆலைக்கு அனுமதி நீட்டிக்கப்பட்டால், நீட்டித்தவரின் பெயரும் பதவியும் அந்த வாரமே கரும்பலகையிலே எழுதப்பட வேண்டும். அவர் டெல்லிக்காரராயினும், கோட்டைக்காரராயினும், நம்மவராயினும். முழு அறிக்கை தமிழில் வராத எந்தத் திட்டத்தின் கருத்துக் கேட்பையும் நம் கழகம் ஏற்கக் கூடாது. இந்தக் கரையிலே இனி ஒரு கரி அலகும் கூடாது என்று பொதுக்குழுவிலே தீர்மானம் வர வேண்டும். கொண்டுவர முதல் கையெழுத்தை நான் இடுகிறேன். தலைமைக்கு இது பிடிக்குமா என்று அஞ்சுகிறீர்களா? கேள்வி கேட்பதற்காகப் பிறந்த இயக்கம், தன்னைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு அஞ்சினால், பிறந்த காரணத்தையே மறந்ததாகும்.

அந்தத் தெருமுனைக்கு மறுபடியும் போகப் போகிறேன். அதே விளக்கு, அதே ஒலிபெருக்கி. இம்முறை முதலிலே அந்த மூதாட்டியிடம் செல்வேன்.

"ஆயா, அன்றைக்கு நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அந்த எல்லாரிலே நீங்கள் இல்லை. இருப்பவர்களின் பட்டியல் இதோ, தமிழிலே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நம் ஆட்கள் பெயரும் இருக்கிறது. மேடையேறிப் படிக்கப் போகிறேன். படித்து முடிக்கும் வரை முன்வரிசையிலே இருங்கள்."

கைதட்டல் கிடைக்குமா, தெரியாது. நீங்களும் வாருங்கள், தோழர்களே.